ஐந்து சென்டிமீட்டர் மூச்சு

மனிதர்களை முகத்தை வைத்து ஞாபகம் வைத்துக்கொள்ளும் பழக்கம் எனக்கு இல்லை. தையல்காரிக்கு முகம் எதற்கு? வலது தோள் அரை இஞ்ச் இறங்கியவர், கை நீளம் கூடியவர், கழுத்தே இல்லாதவர் என்றுதான் எங்கள் தெரு முழுவதும் என் மண்டைக்குள் உட்கார்ந்திருக்கிறது. ஒரு தடவை அளவெடுத்து நோட்டில் எழுதிவிட்டால் அதோடு சரி. அடுத்த தடவை அவர் வரும்போது டேப்பைத் தூக்கக் கூடாது. மறுபடி அளப்பது, "நீங்க குண்டாயிட்டீங்க" என்று முகத்துக்கு நேரே சொல்வதற்குச் சமம். நோட்டில் இருப்பதைப் பார்த்து, ஆளையும் ஒரு பார்வை பார்த்து, வேண்டுமானால் ஒரு விரற்கடை கூட்டி வெட்டிவிடுவேன். பத்து வருடத் தொழிலில் என் தையல் பிரிந்தது என்று ஒருவரும் வந்து நின்றதில்லை. நின்றிருந்தால் அவர் முழுசாகத் திரும்பிப் போயிருக்க மாட்டார்.

என் தம்பிக்கு மட்டும் எந்தச் சட்டையும் ஒழுங்காக உட்காராது. பின்பக்கம் மேலே ஏறிக்கொள்ளும், முன்பக்கம் தொங்கும். குற்றம் சட்டையில் இல்லை, ஆளிடம். பதினெட்டு வயதில் செல்போன் ரிப்பேர் கடையில் மைக்ரோஸ்கோப்புக்குக் கீழே தலையைக் குனிந்தவன், இருபத்து நாலு வயதாகியும் நிமிரவில்லை. தோள் இரண்டும் முன்னால் வளைந்து, கழுத்து நீண்டு, தாடை மட்டும் முதலில் வீட்டுக்குள் வரும். நண்பர்கள் அவனுக்கு வைத்த பெயர் கேள்விக்குறி. கூப்பிட்டால் கோபம்கூட வராது அவனுக்கு. அரை மூச்சில் "ம்" என்பான்.

அப்படிப்பட்டவனுக்குத் தீயணைப்பு வேலை மேல் ஆசை வந்தது. அவன் கடைக்கு எதிரே ஒரு மெத்தைக் கடை தீப்பிடித்தபோது, வாளியும் கையுமாக முதல் ஆளாக ஓடியிருக்கிறான். வண்டியில் வந்தவர்கள் அவனைப் பார்த்து, "தம்பி, ஓரமா நில்லு" என்று சொல்லிவிட்டார்கள். ஓரமாக நின்று நாலு மணி நேரம் பார்த்துவிட்டு, மூஞ்சியெல்லாம் கரியோடு வீட்டுக்கு வந்து, "நான் அந்த வேலைக்குப் போறேன்" என்றான்.

"முதல்ல நிமிர்ந்து நில்லு. நெருப்பை அப்புறம் அணைக்கலாம்" என்றாள் அம்மா. வீட்டு முன்னறையில் இருக்கிற என் தையல் கடையில் பட்டன் கட்டுவதும் ஓரம் மடிப்பதும் அவள் வேலை. பேச்சும் அதே மாதிரி, சின்னதாக இறுக்கமாக இருக்கும்.

போன வருடம் தேர்வுக்குப் போனான். ஓட்டம், கயிறு ஏறுவது, மூட்டை தூக்குவது எல்லாம் தேறிவிட்டது. கடைசியில் மார்பளவு. மூச்சை விட்டு நிற்கும்போது ஓர் அளவு, முழுக்க இழுத்து நிற்கும்போது ஓர் அளவு. இரண்டுக்கும் ஐந்து சென்டிமீட்டர் வித்தியாசம் வேண்டும். இவனுக்கு மூன்று. அனுப்பிவிட்டார்கள். ஐந்து சென்டிமீட்டர் என்றால் இரண்டு இஞ்ச். பேன்ட் இடுப்பில் நான் உள்ளே மடித்து விடுகிற துணி அது. அந்தத் துணி அகலத்துக்காக ஒருவன் வாழ்க்கை நிற்கிறது என்றால் வயிறு எரியாதா? இந்த வருடம்தான் கடைசி. அடுத்த தேர்வுக்குள் அவனுக்கு வயது தாண்டிவிடும்.

அப்போதுதான் பிசியோ வந்தாள். ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி செய்கிற பெண், என்னைவிட இரண்டு மூன்று வயது சின்னவள். வெள்ளைக் கோட்டு தைக்கக் கொடுக்க வந்தவள், மூலையில் உட்கார்ந்து போனை நோண்டிக்கொண்டிருந்த என் தம்பியை ரொம்ப நேரம் பார்த்தாள். எனக்கு வேறு மாதிரி சந்தேகம் வந்தது. வீண் சந்தேகம். அவள் பார்த்தது முதுகெலும்பை.

"இவர் எப்பவுமே இப்படித்தானா?"

"பிறக்கும்போது நேராத்தான் இருந்தான்" என்றாள் அம்மா.

விஷயத்தைச் சொன்னேன். தேர்வுக்கு எட்டு வாரம் இருந்தது. பிசியோ அவனை எழுப்பிச் சுவரோடு நிற்க வைத்தாள். குதிகால், இடுப்பு, தோள்பட்டை, பின்மண்டை நான்கும் சுவரைத் தொட வேண்டுமாம். இவனுக்கு மண்டை தொடவில்லை. இடைவெளியில் நான் விரலை வைத்துப் பார்த்தேன், நாலு விரல் தாராளமாகப் போனது.

"நிமிர்ந்து நில்லுங்கன்னு நான் சொல்ல மாட்டேன்" என்றாள் அவள். "சொன்னா ரெண்டு நிமிஷம் நெஞ்சைத் தூக்கிட்டு நிப்பீங்க. அப்புறம் பழைய குருடி கதவைத் திறடி. தினமும் செய்யணும், கொஞ்சம் கொஞ்சமா. செய்வீங்களா?"

"ம்" என்றான்.

அன்றிலிருந்து எங்கள் கடை உடற்பயிற்சிக்கூடம் ஆகிவிட்டது. காலையில் சுவரில் ஒட்டி நின்று, முழங்கை சுவரைவிட்டு விலகாமல் இரண்டு கையையும் மேலே தேய்த்துத் தேய்த்து இறக்குவான். தாடையைப் பின்னால் இழுத்து இழுத்து விடுவான். அதில் ரெட்டை நாடி விழும். "இருக்கிற அழகு போதாதுன்னு இது வேறயா?" என்பாள் அம்மா. மதியம் ஒரு துண்டைச் சுருட்டி முதுகெலும்புக்குக் கீழே நீளவாக்கில் வைத்து, கையை விரித்துப் படுக்க வேண்டும். அவன் நீளத்துக்கு வீட்டில் வேறு இடம் இல்லாததால் என் கட்டிங் டேபிளில்தான் படுத்தான். துணி கொடுக்க வருபவர்கள் வாசலிலேயே நின்று, "யாருக்காவது உடம்பு சரியில்லையா?" என்று மெதுவாகக் கேட்டார்கள். படுத்தபடியே மூச்சுப் பயிற்சி. தோள் தூக்கக் கூடாது, வயிறுதான் முதலில் எழ வேண்டும் என்பது பிசியோவின் கட்டளை. அவன் வயிற்றின் மேல் என் அளவு நோட்டை வைத்தேன். தெருவில் பாதிப் பேரின் இடுப்பும் மார்பும் அவன் வயிற்றில் ஏறி இறங்கின.

ரிப்பேர் கடையிலும் மைக்ரோஸ்கோப்புக்கு அடியில் ஒரு மரப்பெட்டி வைத்து உயர்த்திக்கொண்டான். அவன் முதலாளி, "என்னப்பா, மெஷினை மாடியில ஏத்திட்ட?" என்று முணுமுணுத்துவிட்டு விட்டுவிட்டார்.

அளவெடுப்பது என் பொறுப்பு. வேறு யாரை நம்புவது? முதல் நாள் மூச்சை விடச் சொல்லி எடுத்தேன், எண்பத்திரண்டு. இழுக்கச் சொல்லி எடுத்தேன், எண்பத்தைந்து. அவன் பெயருக்கு ஒரு தனிப் பக்கம் போட்டு எழுதினேன். அப்புறம் தினமும் சாயங்காலம் டேப்பைப் போட்டு, "இழுடா" என்பேன். எண்பத்தைந்தரை. ஒரு வாரம் அங்கேயே நின்றது. பிறகு எண்பத்தாறு. அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பது சும்மாவா? ஐந்தாவது வாரம் சுவரில் மண்டை தொட்டது. அன்று அவனே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டான், சுவர் நகர்ந்து வந்துவிட்டதா என்கிற மாதிரி. ஏழு வாரம் முடிந்தபோது டேப் எண்பத்தெட்டில் நின்றது.

"எண்பத்தெட்டுல எண்பத்திரண்டு போனா?" என்றேன்.

"ஆறு!" என்றாள் அம்மா, அவனுக்கு முன்னால்.

கேக் வாங்கி வெட்டினோம். அம்மா தெருவில் ஒரு வீடு விடாமல் சொல்லிவிட்டு வந்தாள். பழைய சட்டைகள் எல்லாம் அவனுக்கு இப்போது சரியாக உட்கார்ந்தன. தேர்வுக்காகப் புதிதாக ஒரு கறுப்பு அரைக்கால் சட்டை தைத்துக் கொடுத்தேன், ரெட்டைத் தையல் போட்டு.

தேர்வுக்கு நாலு நாள் முன்பு பிசியோ இன்னொரு கோட்டுக்காக வந்தாள். நான் பெருமையாக நோட்டை நீட்டினேன். பக்கத்தை மேலிருந்து கீழே பார்த்தாள். அவள் புருவம் சுருங்கியது.

"அக்கா, இந்த எண்பத்திரண்டு என்னைக்கு எடுத்தது?"

"முதல் நாள்."

"அதுக்கப்புறம் மூச்சை விட்டு எடுக்கவே இல்லையா?"

"அதான் எடுத்தாச்சே. எடுத்ததை எதுக்கு மறுபடி எடுக்கணும்?"

அவள் டேப்பைக் கேட்டு வாங்கினாள். தம்பியை நிறுத்தி மூச்சை விடச் சொன்னாள். எண்பத்தைந்து. இழுக்கச் சொன்னாள். எண்பத்தெட்டு. 

"முதுகு நிமிர்ந்ததும் நெஞ்சுக்கூடு சும்மா நிக்கும்போதே பெரிசாயிடுச்சு. நல்ல விஷயம்தான்" என்றாள் அவள் தயங்கித் தயங்கி. "ஆனா அவங்க கேக்கறது வித்தியாசத்தை."

ஏழரை வாரம். அதே மூன்று.

என் தம்பி என்னைப் பார்த்தான். "எதைக்கா அளந்த நீ?" என்றான். திட்டியிருந்தால் நானும் பதிலுக்குத் திட்டியிருப்பேன், எனக்கு அது கைவந்த கலை. அவன் திட்டவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டான், சாப்பிடாமல். ஊசி விரலில் ஏறினால் தெருமுனை வரை கேட்கிற மாதிரிக் கத்துகிறவள் நான். அன்று எனக்குச் சத்தம் வரவில்லை. எனக்கே என் மேல் அவ்வளவு வெறுப்பாக இருந்தது.

மதியம் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு அவன் கடைக்குப் போனேன். மன்னிப்புக் கேட்பதற்கு வார்த்தைகளைச் சேர்த்துக்கொண்டே போனேன். பழக்கமில்லாததால் நிறையத் தேவைப்பட்டது. அவன் எனக்கு முதுகைக் காட்டி, மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்து, சூட்டுக்கம்பியால் எதையோ பற்றவைத்துக்கொண்டிருந்தான். வேலை நடக்கும்போது கூப்பிடக் கூடாது என்று நின்றேன். நிற்கும்போது கண் தானாகச் சட்டைக்குப் போயிற்று. தோளுக்குக் கீழே போகும் குறுக்குத் தையல் நேராக இருந்தது. பார்த்துக்கொண்டே இருந்தேன். அது அசையவே இல்லை.

மனிதன் மேல் இருக்கிற சட்டை ஒரு நிமிடம்கூட சும்மா இருக்காது. ஏறும், இறங்கும். இவன் சட்டை ஆணியில் மாட்டின மாதிரி நின்றது. மனசுக்குள் எண்ணினேன். முப்பது. நாற்பது. நாற்பத்திரண்டில் கம்பியை எடுத்தான், உதட்டு ஓரமாகச் சின்னதாக ஒரு மூச்சை உள்ளே உறிஞ்சினான், மறுபடி குனிந்தான். வெளியே ஒன்றும் விடவில்லை.

"டேய், மூச்சு விடுடா!"

கடையே திரும்பிப் பார்த்தது. அவன் துள்ளி எழுந்தான்.

"கை ஆடும்கா. துளி காத்து பட்டாலும் பார்ட் நகர்ந்துடும்."

"அப்ப எப்பதான் விடுவ?"

அவன் யோசித்தான். நிஜமாகவே யோசித்தான். "தெரியலையே" என்றான்.

மன்னிப்பெல்லாம் மறந்துவிட்டது. அங்கேயே நின்று பிசியோவுக்குப் போன் போட்டேன். பார்த்ததைச் சொன்னேன். அந்தப் பக்கம் அவள் மேசையைத் தட்டின சத்தம் கேட்டது.

"அதான் அக்கா! ஆறு வருஷமா பாதி மூச்சை உள்ளயே வச்சுப் பழகியிருக்கார். நிறைஞ்ச குடத்துல எவ்வளவு ஊத்த முடியும்? இழுக்கறது போதும். இந்த நாலு நாளும் விடறதுக்கு மட்டும் பழக்குங்க."

"நாலு நாள்ல ஆகுமா?"

"நெஞ்சைப் பெரிசாக்கறதுக்குத்தான் வாரக்கணக்கு. அது ஆயிடுச்சு. இது பழக்கம்தான். முயற்சி பண்ணுங்க."

லைனிங் துணியில் ஒரு விரல் அகலத்துக்கு நீளமாகக் கிழித்து, அலமாரி விளிம்பிலிருந்து அவன் மூக்குக்கு நேராகத் தொங்கவிட்டேன். உதட்டைக் குவித்து மெதுவாக ஊத வேண்டும். துணி ஒரே சாய்வில் நிற்க வேண்டும், படபடவென்று ஆடக் கூடாது. கடைசிச் சொட்டுக் காற்று வரை விட்டுவிட்டு அப்புறம்தான் இழுக்கலாம். முதல் தடவை ஏழு எண்ணுவதற்குள் துணி தொங்கிவிட்டது. அவன் கண் பிதுங்கியது.

"காத்தை வெளிய விடறதுக்கு இவ்வளவு கஞ்சத்தனமா?" என்றாள் அம்மா. "இதென்ன உன் காசா?"

அவனுக்குச் சிரிப்பு வந்து, மீதிக் காற்றும் போய்விட்டது. கடையிலும் ஊதிக்கொண்டே பற்றவைக்கச் சொன்னேன். முதல் நாள் கை ஆடி ஒரு சார்ஜிங் பின் கோணலாக உட்கார்ந்தது. இரண்டாம் நாள் ஆடவில்லை. மூச்சைப் பிடித்தால்தான் கை நிற்கும் என்று ஆறு வருடமாக அவனாகவே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறான். இந்தத் தடவை நான் இரண்டு அளவையும் எடுத்தேன், காலையும் மாலையும். மூச்சை விட்டால் எண்பத்து நாலு. அடுத்த நாள் எண்பத்து மூன்றரை. தேர்வுக்கு முந்தின நாள் எண்பத்து மூன்று. எண்பத்தெட்டுக்கும் அதற்கும் சரியாக ஐந்து. ஒரு நூல் கூடுதல் இல்லை.

மைதானத்தில் கூட வந்தவர்களையெல்லாம் கம்பி வேலிக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள். அம்மா வீட்டிலேயே இருந்துவிட்டாள், பார்த்தால் படபடப்பு வருமாம். வேலி ஓரமாக அம்மாக்களும் அப்பாக்களும் அக்காக்களும் ஒரு நூறு பேர். ஓட்டமும் கயிறும் காலையிலேயே முடிந்துவிட்டன. மார்பளவு வேலிக்குப் பக்கத்திலேயே ஒரு பந்தலுக்குக் கீழே நடந்தது. ஓர் அதிகாரி டேப்பைப் பிடிப்பார், பக்கத்தில் ஒருவர் எண்ணை உரக்கச் சொல்லி எழுதுவார். ஆளுக்கு இரண்டு வாய்ப்பு. என் தம்பி சட்டையில்லாமல் போய் நின்றான்.

"மூச்சை விடு."

"எண்பத்து நாலு!"

"இழு."

"எண்பத்தெட்டு! நாலு!"

 எங்கே தப்பு என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அவன் தோள் இரண்டும் காதுக்குப் பக்கத்தில் இருந்தன. பயத்தில் மூச்சைப் பிடித்து வைத்திருக்கிறான். விடு என்று சொன்னபோது மேலோட்டமாக ஒரு "ஹூ" விட்டான், அவ்வளவுதான்.

"இன்னொரு தடவை. இதுதான் கடைசி" என்றார் அதிகாரி. டேப்பை மறுபடி சுற்றினார். தம்பி கண்ணை மூடிக்கொண்டான். தோள் இன்னும் மேலே ஏறியது.

"மூச்சு விடுடா" என்று கத்தலாம். கத்தினால் இன்னும் பயப்படுவான், எனக்கு அவனைத் தெரியும். உதட்டைக் குவித்துக் காட்டலாம், அவன் என் பக்கம் பார்க்கவே இல்லை. என்ன செய்வது என்று யோசிக்க நேரமும் இல்லை. வேலிக் கம்பியில் இரண்டு காலையும் வைத்து ஏறினேன். தொண்டை கிழியக் கத்தினேன்.

"டேய் தம்பி! பின்னாடி டவுசர் கிழிஞ்சிருக்கு!"

 நூறு பேரும் சிரித்தார்கள். வரிசையில் நின்ற பையன்கள் எட்டி எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். எழுதுகிறவர் பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார். என் தம்பி கண்ணைத் திறந்து, இரண்டு கையையும் பின்னால் கொண்டுபோய்ப் பொத்திக்கொண்டு, வாய்விட்டுச் சிரித்தான். வயிறு குலுங்கக் குலுங்க, தோள் இறங்கி, உள்ளே இருந்ததெல்லாம் காலியாகிற வரைக்கும் சிரித்தான். டேப் அவன் நெஞ்சில் தளர்ந்துகொண்டே வந்தது. அதிகாரிக்குப் பழகிய கை, அதை இறுக்கிக்கொண்டே போனார்.

"எண்பத்திரண்டரை!"

"இப்ப இழு. சிரிக்காம இழு."

அவன் இழுத்தான். முதலில் வயிறு, அப்புறம் விலா, அப்புறம் நெஞ்சு. நான் வேலியிலேயே தொங்கிக்கொண்டிருந்தேன்.

"எண்பத்தெட்டு! அஞ்சரை! தேர்வு!"

வேலியிலிருந்து இறங்கினேன். பக்கத்தில் நின்ற அம்மாள் ஒருவர் என் தோளைத் தட்டினார். "பாவம், பையன் மானம் போச்சு. யாரும்மா தைச்சது? சொல்லு, நாங்க அந்தப் பக்கமே போகாம இருக்கோம்."

"நான்தான்" என்றேன். "கடைத்தெருவுல பெரிய போர்டு வச்சிருக்கேன்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு இரண்டு அடி தள்ளி நின்றார். சுற்றி இருந்தவர்கள் திரும்பி என்னைப் பார்த்தார்கள். காது சுட்டது. பத்து வருடம் நான் காப்பாற்றி வைத்திருந்தது ஒரே கத்தலில் போயிற்று. அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் நின்றேன்.

அரை மணி நேரம் கழித்து அவன் வெளியே வந்தான், சர்டிபிகேட் பையைப் பின்பக்கத்தில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, பக்கவாட்டில் நடந்து.

"தேறிட்டேன்கா! எங்கேக்கா கிழிஞ்சிருக்கு? ரொம்பவா?"

"எங்கயும் கிழியலடா."

பையை எடுத்துவிட்டுத் தடவிப் பார்த்தான். இடுப்பிலிருந்து கீழ்வரை விரலால் தையலைத் தேடிப் பார்த்தான். ரெட்டைத் தையல், ஒரு நூல் பிரியவில்லை.

"பொய்யா சொன்ன?"

"ம்."

"உன் தையலைப் பத்தி? நீயே? இத்தனை பேருக்கு முன்னாடியா?"

நான் வேறு பக்கம் பார்த்தேன். என்னை அவனுக்குத் தெரியும். பட்டன் லூஸ் என்று சொன்னதற்காக நான் சொந்தச் சித்தியிடம் மூன்று மாதம் பேசாமல் இருந்ததும் தெரியும். அவன் என் கையைப் பிடித்து, கூட்டம் நின்ற வேலிப் பக்கம் இழுத்துக்கொண்டு போனான். எல்லாருக்கும் முதுகைக் காட்டி நின்றான். முழு மூச்சையும் இழுத்தான்.

"எல்லாரும் நல்லாப் பார்த்துக்குங்க! எங்கயும் கிழியல! இது எங்க அக்கா தைச்சது!"

மைதானத்தின் அந்தக் கோடி வரை அது கேட்டது. இவ்வளவு சத்தம் அவனுக்குள் இருந்தது எனக்குத் தெரியாது. அந்த அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.